இருபத்து நான்கு கேக்கும் பூட்டில்லாத சாவியும்

நம்ம வயசுக்காரர்களே, கேக்கைக் கண்டால் குத்திப் பார்க்கும் வியாதி உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. சர்க்கரை, கொழுப்பு, முழங்கால் எல்லாவற்றுக்கும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்கு மட்டும் எழுதவில்லை. நான் அவரிடம் சொல்லவும் இல்லை.

போன மாதம் என் மகள் எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் கேக் விற்பனை ஒன்று நடத்தினாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைச் சில நாட்கள் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டு, அவர்கள் வீட்டாரைக் கொஞ்சம் மூச்சுவிட வைக்கும் இல்லம் ஒன்றுக்காக. மேசை முழுக்கக் கேக். முட்டையில்லாத கேக், மைதா இல்லாத கேக், சர்க்கரை இல்லாத கேக். கேக்கே இல்லாத கேக் ஒன்றுதான் பாக்கி. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு பல்குச்சியை எடுத்தேன். ஏழாவது கேக்கில் பிடிபட்டேன்.

“அப்பா! என்ன பண்றீங்க?”

“வெந்திருக்கான்னு பாத்தேம்மா.”

“அது காசு குடுத்து புக் பண்ணவங்க கேக்குப்பா! நீங்க போய்ப் பெரியப்பா பக்கத்துல உக்காருங்க, ப்ளீஸ்.”

அவளுடைய பெரியப்பா, அதாவது என் அண்ணன், கடைக்கு முன்னால் எல்லாரும் பார்க்கும்படி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கிவிட்டார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், என்னைவிட நூறு மடங்கு நிதானமானவர். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பல்குச்சியைச் சட்டைப்பையில் போட்டபோதுதான் அந்த வியாதி எனக்கு ஒட்டிக்கொண்ட வாரம் ஞாபகம் வந்தது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, நானும் கூடவே சிரித்துவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. விவேக் நகரில், ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள் இருந்த இடத்தில் குடியிருந்தோம். ஆறு வீட்டுக்கும் ஒரு குழாய். அப்பா தொழிற்சாலையில் வேலை. விடிவதற்குள் ஷிப்ட் பஸ் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். அண்ணனுக்குப் பதினான்கு. நாலைந்து சொற்கள்தான் பேசுவான். அதில் ஒன்று ‘போதும்’. அதைச் சாப்பாடு போடும்போதும் சொல்வான், மழை பெய்யும்போதும் சொல்வான். ஆட்டிசம் என்ற வார்த்தை எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டில் என்னவோ எழுதிக் கொடுத்திருந்தார். அதை அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள்.

அண்ணனிடம் ஒரு சாவி இருந்தது. பித்தளை, நடுவிரல் நீளம். வாணியம்பாடியில் நாங்கள் முன்பு இருந்த வாடகை வீட்டுப் பூட்டினுடையது. பூட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அந்தச் சாவியை எதிலாவது தட்டிக்கொண்டே இருப்பான். ஜன்னல் கம்பியில், தண்ணீர்க் குழாயில், அப்பாவின் சைக்கிளில். டிக் டிக் டிக், கொஞ்சம் நிறுத்தி இன்னொரு டிக். எப்போதும் அதே கணக்கு. சாவி கையில் இருந்தால் ராஜா. இல்லையென்றால் தலையைச் சுவரில் மோத ஆரம்பிப்பான். அந்தச் சத்தத்தை நான் இங்கே எழுதிக் காட்டப் போவதில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் மழை முடிந்து குளிர் ஆரம்பித்த நேரம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், பத்து நாள் ஆஸ்பத்திரி, தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். அம்மா கேட்ட முதல் கேள்வி, “பெரியவன யாரு பாத்துக்கறது?”

அப்பா மார்தட்டினார். “நான் இருக்கேன்ல? லீவு போட்டுட்டாப் போச்சு. இது ஒரு பெரிய வேலையா?”

ஒத்திகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனை அப்பாவிடம் விட்டுவிட்டு அம்மா கோயிலுக்குப் போனாள். பத்து மணிக்குள் அண்ணன் கைலி முழுக்க மண்ணெண்ணெய். பதினொரு மணிக்கு அப்பா முற்றத்தில் நின்று அடுத்த வீட்டு அக்காவிடம், “எங்க வீட்டம்மா எந்தப் பக்கமா போனாங்க, பாத்தீங்களா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. மூக்கு என்று ஒன்று அம்மாவுக்கு இருப்பதை மறந்துவிட்டார்.

அடுத்து ஒக்கலிபுரத்துச் சித்தி. “ரெண்டு நாள் எங்கிட்ட விடுக்கா, நான் பாத்துக்கறேன்” என்று அழைத்துப் போனாள். அன்று மதியமே ஆட்டோ எங்கள் வாசலில் வந்து நின்றது. சித்தி இறங்கவேயில்லை. “அக்கா, பாத்திரக் கடைக்குள்ள பூந்துட்டான்க்கா,” என்றாள். பாவம், அவள்மேல் தப்பில்லை. அந்தக் கடையில் தட்டுவதற்கு எவ்வளவு பொருள் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

கடைசியில் வழி காட்டியது ஒரு கன்னியாஸ்திரீ. தேவாலயத்தையும் எங்கள் ஊரில் கோயில் என்றுதான் சொல்வோம். கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில், அண்ணன் மாதிரிப் பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் வகுப்பு நடத்திவந்தார் அந்த சிஸ்டர். மங்களூர்ப் பக்கத்துக்காரர், தமிழைக் கன்னடம் கலந்து பேசுவார். அடுத்த அறையில் கட்டில் போட்டு, ஓர் ஆயாவை வைத்து, பிள்ளைகளைப் பத்து நாள், பதினைந்து நாள் தங்கவைக்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. “அம்மாங்களுக்கு ரஜா ரூம்,” என்றார். ரஜா என்றால் கன்னடத்தில் விடுமுறை. கட்டிலுக்கும் ஆயா சம்பளத்துக்கும் பணம் வேண்டும். அதற்குத்தான் கேக் விற்பனை.

“விற்பனை நடக்கற மதியம் உன் மகனை இங்கே விடு. நாலு மணி வரைக்கும் இருந்தா போதும். இருந்துட்டா முதல் கட்டில் அவனுக்கு, ஆய்த்தா, சரியா?” என்றார் அம்மாவிடம்.

அது பரீட்சை. அண்ணன் தேறினால் அம்மாவுக்கு ஆபரேஷன். தேறாவிட்டால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லையென்றால் அம்மா செத்துப்போய்விடுவாள். பதினொரு வயதில் என் தர்க்கம் இவ்வளவு சுத்தமாக இருந்தது. பிற்பாடு காலேஜில்கூட அப்படி வாய்க்கவில்லை.

விற்பனையை ஏற்றுநடத்தியவர் ஒரு செயலாளர் அங்கிள். ரிட்டயர்டு கிளார்க், சட்டைப்பையில் மூன்று பேனா. “வியாழக்கிழமை வெச்சிப்போம் சிஸ்டர். நவநாள் ஜெபத்துக்குக் கூட்டம் அம்பாரமா வரும். இந்துக்காரங்க, துலுக்கர், எல்லாரும் வர்ற நாளு,” என்றார். எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது. நாங்களும் இந்துக்கள்தான், வியாழன் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவர்கள்தான். எங்களுக்கும் உறைக்கவில்லை.

அரைப் பரீட்சை லீவு. புதன்கிழமை காலை சிஸ்டரின் ஹாலில் ஆறு அம்மாக்கள் சேர்ந்து மாவு கலக்கினார்கள். எங்கள் பக்கம் அப்போது யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. மாவைக் கலந்து தகரத் தட்டில் ஊற்றி பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், அவர்கள் ரொட்டி சுட்ட பிறகு மிச்சச் சூட்டில் வைத்துச் சுட்டுத் தருவார்கள். கருக்கின சர்க்கரை வாசனை, பட்டை கிராம்புப் பொடி, பழத்துண்டு, பேரீச்சை. கல்யாண வீட்டு அண்டா ஒன்றில் நான் கரண்டி போட்டுக் கலக்கினேன். அண்ணன் பக்கத்தில் நின்று அண்டாவின் விளிம்பில் டிக் டிக் டிக், டிக்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“டேய், உங்கண்ணன் என்னாடா, கோயில் மணி அடிக்கிறானா?”

“பூசாரி வேலைக்கு எடுத்துக்கினாங்களா மச்சி?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு அண்ணன் கையிலிருந்து சாவியை வெடுக்கென்று பிடுங்கினேன். மாவு கொட்டிக் கிடந்த மேசை ஓரத்தில், அண்டாவுக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். அவன் கை காற்றில் அப்படியே நின்றது. இரண்டு நிமிஷம் கழித்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள், “முட்டை ஓட்டைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வாடா,” என்று ஓர் அம்மா கூடையை நீட்டினாள். போனேன். கொட்டினேன். திரும்பி வந்தேன்.

மேசையில் சாவி இல்லை.

கீழே பார்த்தேன், இல்லை. மாவைத் தடவினேன், இல்லை. அண்டாவைப் பார்த்தேன். அதுவும் பாதி காலி. அம்மாக்கள் தட்டுகளில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மா மட்டும் கிராம்பு போதவில்லை என்று கடைக்குப் போயிருந்தாள். கரண்டியை விட்டுத் துழாவினேன். “டேய், கையை எடு! எச்சில் கை!” என்று ஒருத்தி அதட்டினாள். இருபத்து நான்கு தட்டு. என் கண்ணெதிரே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாவியும் ஏதோ ஒன்றில் உட்கார்ந்து போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்ல வாய் திறந்தேன். சாவி எப்படி மேசைக்கு வந்தது என்று கேட்பார்களே? அண்ணன் கையிலிருந்து நான் ஏன் பிடுங்கினேன் என்று கேட்பார்களே? மூடிக்கொண்டேன்.

அன்று மதியம் அண்ணன் உள்ளங்கையை விரித்துக் காட்டியபடி வீடு முழுக்க நடந்தான். ஸ்பூன் கொடுத்தேன், எறிந்தான். அப்பாவின் சைக்கிள் சாவியைக் கொடுத்தேன், சாக்கடையில் போட்டான். அம்மா தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து, “நாளைக்கு சாமி, நாளைக்கு,” என்று தலையைத் தடவினாள். சாவி எங்கே என்று அவள் என்னைக் கேட்கவேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். எல்லாம் தெரிந்துகொண்டு, நானே வாயால் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மாவின் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி ஒன்றை டவுசருக்குள் சொருகிக்கொண்டு நாலு மணிக்கு பேக்கரிக்கு ஓடினேன். கேக் வெந்ததா என்று ஊசி விட்டுப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அதுதான் என் திட்டம். பேக்கரி பாய் நீளத் துடுப்பால் தட்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

“பாய், சிஸ்டர் வெந்திருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க.”

“க்யா ரே, என் பட்டி அடுப்பு மேலயே டவுட்டா? முப்பது வருசமா சுடறேன். பாரு, பாரு.”

சாவி நடுவிரல் நீளம். ஆகையால் விரல் அகலத்துக்கு ஒரு குத்து என்று கணக்குப் போட்டேன். முதல் கேக்கில் கொஞ்சம் மரியாதையாகக் குத்தினேன். ஐந்தாவதில் தையல் மெஷின் மாதிரி ஆகிவிட்டேன். பதினொன்றாவதில் ஊசி எதிலோ இடித்து நின்றது. விரலை விட்டு நோண்டினேன். பேரீச்சங்கொட்டை. யாரோ ஓர் அம்மா கொட்டை எடுக்காமல் போட்டிருக்கிறாள். பள்ளத்தை மூட வழி தெரியாமல், உதிர்ந்ததை வாயில் போட்டுக்கொண்டேன்.

பத்தொன்பதாவதைக் குத்தும்போது பாய் திரும்பிப் பார்த்தார்.

“அரே அல்லா! இது கேக்கா, ஜல்லடையா? ஓடு! ஊசியக் குடு, ஓடுறா இங்கருந்து!”

ஊசி போயிற்று. இன்றுவரை திரும்பி வரவில்லை. அந்த ஸ்வெட்டருக்கு ஒரு கை பாதியோடு நின்றது. மிச்சம் ஐந்து கேக் பட்டிக்குள்ளேயே இருந்தன. குத்துப்படாத ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றில்தான் சாவி. இல்லாவிட்டால், குத்துப்பட்ட பத்தொன்பதில் ஒன்றில் சாவி இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே சமர்த்தாகச் செங்குத்தாக நின்றுகொண்டிருக்கலாம். இந்த இரண்டாவது யோசனை எனக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தது. அன்று வீட்டில் யாரும் தூங்கவில்லை. அண்ணன் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை மதியம் கோயில் வளாகத்தில் மேசை போட்டார்கள். மெழுகுவர்த்திக்காரர்கள், பூக்காரம்மாக்கள், பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் கூட்டம். கேக்குகளைப் பார்த்துவிட்டு செயலாளர் அங்கிள் மூன்று பேனாவையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“வாட் இஸ் திஸ்? எலி ஏதும் கடிச்சிதா?”

“காத்து போறதுக்கு அங்கிள்,” என்றேன். “இப்பல்லாம் அப்படித்தான் சுடறாங்களாம்.”

நம்பினார் என்று நினைக்கிறேன். அவருக்கு வேறு கவலை இருந்தது. வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரையும், அண்ணனையும் சேர்த்து, பின்னறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். “இவங்கள முன்னால உக்கார வெச்சா ஜனங்க சங்கடப்படுவாங்க சிஸ்டர். வியாபாரம் கெட்டுடும்.” பலகையில்கூட ‘ஏழைக் குழந்தைகளுக்காக’ என்றுதான் எழுதியிருந்தார். சிஸ்டர் பலகையை இரண்டு தரம் படித்தார். பிள்ளைகளோடு உள்ளே போனார். அம்மா அண்ணனை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, “இதோ ஒரு மணி நேரத்துல வந்துடறேன்,” என்று பஸ் ஏறிவிட்டாள். பரீட்சை நாளில் அம்மா எங்கே போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

கேக் விற்கவில்லை. முதலில் வந்த அம்மா மேசையைப் பார்த்தாள், “முட்ட போட்டதா?” என்றாள்.

“ஆமாம்மா, ஆறு டஜன்!” என்றார் அங்கிள் பெருமையாக.

“ஐயோ, இன்னிக்கி வியாழக்கிழமையாச்சே.”

அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நவநாளுக்கு வருகிற இந்துக்கூட்டத்தில் பாதிப் பேர் வியாழக்கிழமை முட்டையைத் தொடமாட்டார்கள். நாங்களே தொடமாட்டோம்! அங்கிள் விடவில்லை. “வீட்டுக்கு எடுத்துனு போங்கம்மா, நாளைக்கு சாப்பிடுங்க.”

“நாளைக்கு வெள்ளி.”

“சரி, நாளன்னிக்கு.”

“சனிக்கிழமை பெருமாளுக்கு.”

“ஞாயித்துக்கெழமை!” என்று கத்தினார் அங்கிள். “இது கிறிஸ்மஸ் கேக்கு, பத்து நாள் கெடாது! ஞாயித்துக்கெழமை சாப்பிடுங்க!”

அப்படித்தான் வியாபாரம் பிடித்தது. எனக்கு நல்லதாகத்தான் போயிருக்க வேண்டும். சாவி ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலோ வெளிப்படும். ஆனால் அண்ணனுக்கு அது இன்று நாலு மணிக்குள் வேண்டும். வாங்கினவர்கள் எல்லாரும் ஒரே குரலில், “ஓட்டை இல்லாததா குடு,” என்றார்கள். எந்த ஐந்து கேக் என் கையை விட்டுப் போகக் கூடாதோ அதே ஐந்துக்கு எல்லாரும் கை நீட்டினார்கள்.

“இது நல்லாருக்கும்மா, ஓட்டை வழியா வாசனை வருது பாருங்க,” என்றேன்.

“நீ சாப்புடு,” என்றாள் ஒருத்தி.

ஐந்தில் மூன்றைத் துண்டு போட நானே கத்தியைப் பிடுங்கிக்கொண்டேன். பழத்துண்டு, திராட்சை, வேறொன்றுமில்லை. நாலாவதை அங்கேயே நின்று தின்ற ஒரு போலீஸ்காரர் திடீரென்று தாடையைப் பிடித்தார். அவர் வாயிலிருந்து எடுத்தது கிராம்பு. “நல்ல காரம்,” என்று இன்னொரு துண்டு கேட்டார்.

ஐந்தாவதை, நரைக்கத் தொடங்கிய தலையோடு ஓர் அம்மா முழுசாக வாங்கினாள். கையில் அணைந்த மெழுகுவர்த்தி. பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அதே நேரம் பின்னறையிலிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது. தொம். கொஞ்ச நேரம் கழித்துத் தொம்.

“உள்ள என்னாங்க சத்தம்?” என்றார் ஒருவர்.

“கார்ப்பென்டர் வொர்க்,” என்றார் அங்கிள்.

மணி மூன்று. அந்த அம்மா நடந்துகொண்டேயிருந்தாள். தொம். பஸ் திரும்பி வந்து நின்றது. தொம். நான் மேசைமேல் ஏறிவிட்டேன்.

“யாரும் சாப்பிடாதீங்க! கேக்குல சாவி இருக்கு! எங்கண்ணன் சாவி! நான்தான் புடுங்கி வெச்சேன்! அது இல்லன்னா அவன் தலைய முட்டிக்குவான்! அந்தச் சத்தம் அவன்தான், கார்ப்பென்டர் இல்ல! அவன் நாலு மணி வரைக்கும் இருந்தாத்தான் எங்கம்மாவுக்கு ஆபரேஷன்! அந்தக் கேக்கக் குடுங்க!”

வளாகமே வாயில் இருந்ததைத் துப்பியது. போலீஸ்காரர் உள்பட. அங்கிள் என் காலைப் பிடித்து இழுத்தார். நாலைந்து பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். பஸ்ஸில் ஒரு காலை வைத்திருந்த அந்த அம்மா இறங்கினாள். நிதானமாகத் திரும்பி நடந்து வந்தாள். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். பையிலிருந்து கேக்கை எடுத்து மேசையில் வைத்தாள்.

“உடைச்சுப் பாரு,” என்றாள். நான் இரண்டு கையாலும் பிய்த்தேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்கண்ணனுக்கு சாவியா? எங்க வீட்ல ஒரு பொண்ணு. அவளுக்கு பாட்டில் மூடி. அது இல்லன்னா இதே சத்தந்தான். ஜீவனஹள்ளியிலருந்து ஒம்போது வாரமா வந்து மெழுகுவர்த்தி ஏத்தறேன். இங்க இப்படி ஒரு எடம் இருக்குன்னு ஒருத்தர் சொல்லல.” அங்கிளைப் பார்த்தாள். “ஏன்யா கதவச் சாத்தி வெச்சிருக்கீங்க?”

அங்கிள் பேனாவைத் தொடவில்லை.

கேக் முழுசும் தூளாகிவிட்டது. சாவி இல்லை. நான் அழ ஆரம்பித்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். வயிற்றை ஒரு கையால் பிடித்திருந்தாள். மறு கையில் பேப்பர் பொட்டலம்.

“என்னடா ஆச்சு? ஏன் மேச மேல ஏறி நிக்கற?”

சொன்னேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே அண்ணனின் சாவி. அதன் பக்கத்தில், பளபளவென்று, அதே மாதிரி இன்னொன்று.

“மேச மேல கெடந்துச்சு, அவன்தான் போட்டுட்டான்னு எடுத்தேன். அங்க பத்து நாள் இருக்கறப்போ தொலைச்சிட்டான்னா என்ன பண்றது? அதான் இன்னொண்ணு செய்யக் குடுத்தேன். பழைய காலத்துச் சாவி, அரத்தால ராவித்தான் எடுக்கணும், நாளைக்கு வான்னுட்டான் சாவிக்காரன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உங்கப்பாகிட்ட சொல்லாத. பூட்டே இல்லாத சாவிக்கு டூப்ளிகேட்டான்னு ஆயுசுக்கும் சிரிப்பாரு.”

“நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ ஏன்டா எங்கிட்ட சொல்லல?” என்றாள். கேக்குகளைப் பார்த்தாள். “எல்லாத்தையுமா குத்துன?”

“பத்தொம்போது.”

சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தாள். “வேணாம்டா, சிரிச்சா வலிக்குது, பேசாத.” கண்ணில் தண்ணீர் வந்தது. வலியா சிரிப்பா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஜீவனஹள்ளி அம்மாதான் போய்க் கதவைத் திறந்தாள். சிஸ்டர் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் சுவருக்கும் அண்ணன் தலைக்கும் நடுவில் வைத்திருந்தார். கை சிவந்திருந்தது. அம்மா இரண்டு சாவியையும் நீட்டினாள். அண்ணன் புதுசை ஒருமுறை முகர்ந்தான். திருப்பி அம்மா கையிலேயே வைத்து, அவள் விரல்களை மடக்கிவிட்டான். பழசை எடுத்துக்கொண்டான். நாற்காலிக் காலில் டிக் டிக் டிக், டிக்.

“போதும்,” என்றான்.

நாலு மணிக்கு சிஸ்டர் கையை உதறிக்கொண்டே வெளியே வந்தார். “இருந்தானே! இன்னேன்? ஆய்த்து, முடிஞ்சுது,” என்றார். கதவை யாரும் மறுபடி சாத்தவில்லை. விற்பனையில் என்ன தேறியது என்று எனக்குத் தெரியாது. நாலு கட்டில் என்று பேச்சு, இரண்டுதான் வந்தது. ஒன்றில் அண்ணன். இன்னொன்றில், பாட்டில் மூடியோடு ஒரு பெண்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கையில் பிளாஸ்க். அதில் அவரே போட்ட காபி, அதற்காக அம்மாவுக்கு நான் கொஞ்சம் பயந்தேன். பொம்பளைகள் வார்டு வராந்தா முழுக்க டெட்டால் வாசனை. பாதி தூரம் போயிருப்போம். அப்பா சட்டென்று நின்றார்.

டிக் டிக் டிக். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு டிக்.

“டேய்,” என்றார் அப்பா. “அவன் எப்படி இங்க வந்தான்?”

வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். அம்மா மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். அவள் கை கட்டில் கம்பியில் புதுச் சாவியைத் தட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பார், ஆயுசுக்கும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் பிளாஸ்க் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “சத்தம் போடாத,” என்றார் என்னிடம். “அவ முடிக்கட்டும்.”